அரை மூடி

அத்தியாயம் 17

போன வாரம் அந்த மூன்று பெரியவர்களையும் ஒரு குழந்தையையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒதுங்கியே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்றுதான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அந்தக் குழந்தையின் அம்மாவுடைய வேலை. அதனால் புகுந்த வீட்டில் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பாசத்தோடு வைத்த பெயர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வைத்தவர் மாமனார். டயர்க் கடை வைத்திருப்பவர். வாய் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் காற்று இறங்கிவிடும்.

மைக் பெற்ற பிள்ளை ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டான். தொண்டைக்குள் குழாய் வைத்து, வாரக்கணக்கில் மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. பிழைத்தான். ஆனால் குழாய் உரசிய இடம் தழும்பாகி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும். மைக் அவனைக் ‘கீச்சு’ என்று கூப்பிடுகிறாள். மாமனார் ‘அரை டிக்கெட்’ என்கிறார்.

அந்தக் கீச்சுவுக்குத்தான் குடல் இறங்கித் தொடை இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் சர்ஜன் கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டார். இன்று காலை மறுபடி இறங்கியது. இந்த முறை தள்ளிப் பார்த்தும் போகவில்லை.

“இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியாகணும்” என்றார் சர்ஜன். “முன்னாடி நடக்கற கேஸ் முடிஞ்சதும் இவனை உள்ள எடுத்துக்கறோம். அதுக்குள்ள மயக்க டாக்டரைப் பார்த்துடுங்க.”

மயக்க டாக்டரின் அறை தியேட்டரை ஒட்டியிருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். டாக்டர் நரைத்த முடியைத் துணித் தொப்பிக்குள் திணித்தபடியே குழந்தையின் நெஞ்சில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டார். கீச்சு தன் பாட்டுக்குக் கீச்சிட்டான்.

“ரெண்டு வழி இருக்கு. ரெண்டுமே நல்ல வழி இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.”

மைக் தலையாட்டினாள். பக்கத்தில் அவள் புருஷன் குழந்தையின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவனைச் ‘சின்னவன்’ என்பார்கள். முப்பது தாண்டியும் அவன் அந்தப் பெயரை விட்டு வளரவில்லை. மாமனார் உட்காரவில்லை. நின்றால்தான் நாட்டாமை செய்ய வசதி.

“முதல் வழி முழு மயக்கம். தூங்க வெச்சா மூச்சுக்குக் குழாய் வைக்கணும். ஏற்கெனவே சுருங்கிப்போன வழி. இருக்கறதுலயே மெல்லிசான குழாயைத்தான் வைப்பேன். ஆனா அது உள்ள இருக்கும்போது வீக்கம் வந்துட்டா திரும்ப எடுக்க முடியாம போகலாம். மறுபடி மெஷின்ல போடணும். அதுலேருந்தும் மீளலன்னா கழுத்துல துளை போடணும்.”

“துளை போட்டா?”

“மூச்சு அது வழியா போகும். குரல் வராது. எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது.”

“மைக்குக்குப் பொறந்தது ஊமையா?” என்றார் மாமனார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. “ரெண்டாவது வழி, முதுகுல ஊசி. இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். குழந்தை முழிச்சுக்கிட்டே இருப்பான், தானே மூச்சு விட்டுப்பான். குழாய் வேண்டாம். ஆனா ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிசு. அதுக்குள்ள சர்ஜன் முடிக்கணும். ஊசி சரியா விழலன்னா முதல் வழிக்குத்தான் வரணும்.”

“முழிச்சிருக்கும்போதேயா அறுப்பீங்க?” மாமனாரின் குரல் ஏறியது. “இது ஆஸ்பத்திரியா, கசாப்புக் கடையா? டியூப் வைக்கறது என்ன பெரிய வித்தை. நான் நாள் பூரா அதைத்தானே பண்றேன்.”

“டயருக்குள்ள டியூப் பொருந்தலன்னா என்ன பண்ணுவீங்க?”

“வேற டயர் மாத்துவேன்.”

“இங்க வேற டயர் கிடையாது.”

“ஏன் கிடையாது? இன்னொண்ணு பெத்துக்கிட்டா போச்சு.”

அறையில் கீச்சுவின் சத்தம் மட்டும் கேட்டது. மைக் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சின்னவன் பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அப்பா பேசும்போது அவனுக்குக் கைக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

“முதுகுல ஊசி போடுங்க டாக்டர்” என்றாள் மைக்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“அவன் அழணும். சத்தம் வெளிய வரணும். எனக்கு அது போதும்.”

டாக்டர் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க. இந்த வழியோட நல்லதே அவன் முழிச்சிருக்கறதுதான். குறைமாசத்துல பொறந்த குழந்தைங்க மருந்துல தூங்கினா மூச்சு விடவே மறந்துடும். அதனால தூக்க மருந்து ஒரு சொட்டுகூட நான் கொடுக்க மாட்டேன். நீங்களும் பால், தண்ணி, எதுவும் கொடுக்கக் கூடாது. பசியில கத்துவான். கத்தட்டும்.”

“வலிக்கவே வலிக்காதா?” என்று கேட்டான் சின்னவன். அன்று காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

“வலிக்காது. கையைப் பிடிச்சு வெச்சிருப்போம், பெரிய லைட் இருக்கும், தெரியாத முகங்க இருக்கும். பயப்படுவான், அவ்வளவுதான்.”

‘பயப்படுவான்’ என்ற அந்த ஒரு வார்த்தை சின்னவன் மனசில் தைத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

வெளியே வராந்தாவில் பெஞ்சு. கீச்சு பசியில் அழ ஆரம்பித்தான். அவன் அழுகை மற்ற குழந்தைகளுடையது போல இருக்காது. எண்ணெய் போடாத கீல் மாதிரி இழுத்து இழுத்து வரும். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பெத்தவளுக்கே மனசு வரலன்னா நாம என்ன செய்ய முடியும்” என்று மாமனார் சுவரிடம் சொன்னார். பிறகு மகனிடம் திரும்பினார். “மூத்தவன் பிள்ளைங்க மலைப்பாதையில போறப்ப எவ்வளவு நிம்மதியா தூங்கும்? வாந்தி இல்ல, அழுகை இல்ல. அரை மூடி உள்ள போச்சுன்னா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சத்தமே வராது. இதுக்குக் கொடுத்து வைக்கல.”

மைக்கின் காதில் விழுந்தது. கிழவர் புலம்புகிறார் என்று விட்டுவிட்டாள். அவர் சொல்வதையெல்லாம் காதில் வாங்கினால் அந்த வீட்டில் ஒரு நாள் குடித்தனம் செய்ய முடியாது.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “குழந்தையோட அம்மா, ரத்தம் ஏற்பாடு பண்ணி வைக்கணும். கீழ லேபுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“என்கிட்ட கொடு. நான் வெச்சிருக்கேன்” என்றான் சின்னவன்.

தானாகக் கை நீட்டிக் குழந்தையை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. இதுவரை தொட்டாலே உடைந்துவிடும் என்று எட்டத்தில் நின்றவன். அந்த நிலைமையிலும் மைக்கின் மனசு குளிர்ந்தது. கழுத்துக்கு எப்படிக் கை கொடுப்பது, தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் மூச்சு லேசாக வரும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

லேபில் ஒரு கூட்டம். காத்திருந்து, சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியேறி வந்தாள். வராந்தா திரும்பும் இடத்தில் கால் தானாக நின்றது.

சத்தம் இல்லை.

பஸ் நிலையத்து இரைச்சலில் எந்த ஹாரன் எந்த வண்டியுடையது என்று பார்க்காமலே சொல்கிற காது அவளுடையது. பெஞ்சில் சின்னவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“பாரு, என் கையில எப்படித் தூங்கறான்.”

பறித்தாள். தலை தொங்கியது. உதட்டைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. உள்ளங்காலை விரலால் ஓங்கிச் சுண்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை சுண்டினாள். நெஞ்சு ஒரு தரம் உள்வாங்கியது. ஒரே ஒரு கீச்சு. மைக் தியேட்டர் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு ஓடினாள்.

அடுத்த நிமிஷங்களில் நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. முகமூடி, பிராணவாயு, டாக்டரின் விரல்கள் குழந்தையின் முதுகைத் தேய்த்தது. நீலம் மெல்ல வெளுத்தது. மூச்சு வந்தது, நின்றது, சுண்டினால் வந்தது.

“யார் என்ன கொடுத்தீங்க?” டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார். “படிச்சுப் படிச்சுச் சொன்னேன். என்ன மருந்து, எவ்வளவு? எனக்கு இப்பவே தெரியணும். தெரியலன்னா இப்பவே குழாயை வெச்சுடுவேன், எனக்கு வேற வழி இல்ல.”

வாசலில் இரண்டு ஆண்களும் நின்றார்கள்.

“அவதானே காலையிலேருந்து வெச்சிருந்தா” என்றார் மாமனார். “அவளைக் கேளுங்க.”

மைக் குழந்தையின் வாயருகே குனிந்தாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அந்த வாசனையை அவளுக்குத் தெரியும். மாமனார் காரின் முன்பெட்டியில் எப்போதும் கிடக்கும் பாட்டில். மலைப்பாதைக்குப் போகும்போது மூத்தவன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது.

புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“எவ்வளவு?” அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“அரை மூடி” என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

சத்தமாகச் சொல்லவில்லை. டாக்டர் அங்கேயே இருக்கிறார், சொல்லவில்லை. அந்த வீட்டில் ஓர் உண்மை வாசலைத் தாண்டி வெளியே வர அரை நாள் ஆகும். முதலில் மாமனார் பாட்டிலே இல்லை என்பார். பிறகு பாட்டில் உண்டு, கொடுக்கவில்லை என்பார். அப்புறம் ஒரு சண்டை, ஒரு சத்தியம். கீச்சுவிடம் அரை நாள் இல்லை. வண்டி கிளம்புவதை அறிவிக்கிற அதே குரலில், பிசிறில்லாமல், மைக் சொன்னாள்:

“பிரயாணத்துல வாந்தி வராம இருக்கக் கொடுப்பாங்களே, ஆரஞ்சு வாசனை மருந்து. குடிச்சா தூக்கம் வரும். அரை மூடி.”

“கொடுத்தது நீயா?”

“ஆமா.”

இதுவரை ‘நீங்க’ என்றவர் ‘நீ’ என்றார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

சர்ஜன் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். “நிறம் மாறுது. மருந்து இறங்கற வரைக்கும் காத்திருக்க முடியாது.”

“தெரியுது” என்றார் மயக்க டாக்டர். ஒரு கணம் கண்ணை மூடினார். “ரெண்டு வழியையும் கெடுத்து வெச்சிருக்காங்க. குழாய் வெச்சா இந்த மருந்தோட அதை எடுக்கறது இன்னும் கஷ்டம். முதுகு ஊசிதான். ஒரு ஆள் இவன் நெத்தியையும் தோளையும் விடாம சீண்டிக்கிட்டே இருக்கணும். இவன் கண்ணை மூடக் கூடாது. அழுதுகிட்டே இருக்கணும்.” பிறகு மைக்கிடம் திரும்பினார். “நீ வெளிய போ.”

கதவு மூடியது. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து கீல் சத்தம் வந்தது. இழுத்து இழுத்து, கதவைத் தாண்டி மெலிசாக. மைக் மூச்சு விட்டாள்.

“உயிரோட அறுக்கறாங்க” என்றார் மாமனார். “கேட்டுக்கிட்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கா பாரு.”

சின்னவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

“காதைப் பொத்தாதீங்க” என்றாள் மைக். “கேளுங்க. அது அழுகை இல்ல, மூச்சு.”

“நான்... அவன் பயப்படக் கூடாதுன்னுதான்...”

“தெரியும்.”

தெரியும் என்றுதான் சொன்னாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. உள்ளே அழுகை நின்றது. அவள் எழுந்து நின்றாள். கதவருகே போனாள். கையை வைத்தாள். திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மறுபடி ஒரு கீச்சு வந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பி வியர்வையில் நனைந்திருந்தது.

“முடிஞ்சுது. குடல் தப்பிச்சுது. குழாய் வைக்கல.”

மைக் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும். அன்றைய நாளில் அவளுக்குக் கிடைத்த நல்லது அந்த மூன்று வாக்கியம்தான்.

“பார்த்தியா” என்றார் மாமனார் மகனிடம், தணிந்த குரலில். “பாதித் தூக்கத்துல இருந்ததாலதான் அது தாங்கிச்சு. நம்ம வைத்தியம்தான் காப்பாத்துச்சு.”

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். நம்பினால் எவ்வளவு நிம்மதி என்று யோசிக்கிறவன் மாதிரி பார்த்தான்.

“இன்னிக்கு ராத்திரி முழுக்க இவன் மூச்சு மேல கண்ணா இருக்கணும்” என்றார் டாக்டர். “நர்ஸ் இருப்பாங்க, மானிட்டர் இருக்கும். வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கலாம்.”

மைக் எழுந்தாள்.

“நீ இல்ல.”

“டாக்டர்?”

“வேண்டாம்னு சொன்ன மருந்தைக் கொடுத்ததா நீயே சொன்னே. நான் மேல தெரிவிச்சாச்சு. நாளைக்குக் குழந்தைங்க பாதுகாப்பு அலுவலகத்துலேருந்து வருவாங்க. அவங்க விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நீ குழந்தை பக்கத்துல போகக் கூடாது.”

“நான் கொடுக்கல டாக்டர். நேரம் இல்லன்னு என் மேல போட்டுக்கிட்டேன். கொடுத்தது இவர்.”

டாக்டருக்கு அலுப்பு. காலையிலிருந்து எத்தனையோ குழந்தைகள், எத்தனையோ பொய்கள். “அப்பவும் நீதான் சொன்னே, இப்பவும் நீதான் சொல்றே.” சின்னவனிடம் திரும்பினார். “நீங்களா கொடுத்தீங்க?”

மைக் காத்திருந்தாள். கட்டிய நாளிலிருந்து அவள் அவனிடம் ஒன்றும் பெரிதாகக் கேட்டதில்லை. ஒரே ஒரு ‘ஆமா’. இரண்டே எழுத்து. அவன் அம்மா இல்லாமல் வளர்ந்தவன், அப்பாவின் கைக்குள்ளேயே வளர்ந்தவன், எல்லாம் அவளுக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்தும் காத்திருந்தாள்.

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். மாமனார் கார் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இல்ல டாக்டர்” என்றான்.

“சரி, உள்ள வாங்க. கையைக் கழுவிக்கிட்டு வாங்க” என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

மைக் கத்தவில்லை. ஒரு பஸ் நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற குரல் இருந்தும் கத்தவில்லை. புருஷனின் சட்டையைப் பிடித்தாள். மேல்பையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை, இன்னும் ஈரமாக. பைக்குள் கை விட்டாள். வெறும் பை.

“பாட்டில் எங்க?”

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். முரட்டுத்தனமாக இல்லை. அவ்வளவு மென்மையாக அவன் அவளைத் தொட்டு வெகு நாளாகியிருந்தது. கண்ணில் நீர் நின்றது.

“நீ கவலைப்படாதே. அவனை நான் அழவே விடமாட்டேன்.”

சொல்லிவிட்டுக் குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனான். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது.

மாமனார் சாவியைத் தட்டுவதை நிறுத்தினார். அவர் கண் அந்தப் பை போன திசையிலேயே இருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

மைக் கதவில் காதை வைத்தாள். கீச்சு கேட்டது. இன்னும் கேட்டது.